பாயும் நாற்காலியும் போதும்

1. விழும் பயம்

பெருங்கடவிளை மேடும் பள்ளமுமான ஊர். அது திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருக்கிறது. பாறசாலையைத் தாண்டினால் தமிழ்நாடு. தமிழும் மலையாளமும் சேர்ந்து புழங்கும் மண் இது. ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி என்று எங்கும் பச்சை. பல வீடுகளுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும்.

இளவயதில் படி ஒரு பொருட்டே இல்லை. தலையில் சுமையோடு ஏறலாம். அறுபது வயதைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினால் எழுந்திருக்க முடிவதில்லை. பஸ் படி உயரமாகத் தெரிகிறது. குளிக்கப் போனால் கை சுவரைத் தேடுகிறது. மழைக்காலத்தில் முற்றத்துப் பாசியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

விழுந்து விடுவோமோ என்று பயந்தவர்கள் நடப்பதைக் குறைக்கிறார்கள். நடக்காத கால் மெலிகிறது. மெலிந்த கால் தடுமாறுகிறது. தடுமாறினால் பயம் இன்னும் கூடுகிறது. இப்படிப் பயமும் பலவீனமும் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன.

உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். இறக்காமல் தப்பியவர்களில் பலர் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார்கள். தண்ணீர் குடிக்கவும் அவர்களுக்கு இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது.

வயது ஆவதை யாராலும் தடுக்க முடியாது. கால் மெலிவதைக் கொஞ்சம் தடுக்கலாம். தடுமாற்றத்தையும் குறைக்கலாம். 2019-ல் மருத்துவ ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சி செய்த முதியவர்கள் கீழே விழுவது குறைந்திருந்தது. 100 தடவை விழும் இடத்தில் அது ஏறக்குறைய 77 தடவையாக ஆகியிருந்தது. இப்படிப்பட்ட பயிற்சிக்கு மென்மையான யோகா ஒரு நல்ல வழி.

2. யோகா என்றால் என்ன?

யோகா என்றதும் பலருக்கு டிவியில் பார்த்த படம் நினைவுக்கு வரும். ஒருவர் தலைகீழாக நிற்பார். இன்னொருவர் காலைத் தூக்கிக் கழுத்தில் போடுவார். “இது நமக்கு ஆகுமா?” என்று கேட்டுவிட்டு, பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் யோகா என்பது உடம்பை முறுக்கும் வித்தை அல்ல. திருமூலர் எழுதிய திருமந்திரத்தில் யோகத்துக்கு எட்டு உறுப்புகள் சொல்லப்படுகின்றன. நல்ல நடத்தை முதலில் வருகிறது. ஆசனம் மூன்றாவதாக வருகிறது. நான்காவது மூச்சுப் பயிற்சி. அதற்குப் பிறகு மனத்தை அடக்கும் படிகள் வருகின்றன. ஆகவே ஆசனம் யோகத்தின் ஒரு பகுதிதான்.

உடம்பையும் மூச்சையும் கொண்டு செய்யும் யோகத்துக்கு ஹடயோகம் என்று பெயர். இன்று பெரும்பாலான வகுப்புகளில் சொல்லித் தருவது இதைத்தான். ஆசனம் எப்படி இருக்க வேண்டும்? பழைய யோக நூல் எழுதிய பதஞ்சலி இரண்டு குணங்களைச் சொன்னார். ஆசனம் உறுதியாக இருக்க வேண்டும். அது சுகமாகவும் இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதில் சுகம் இல்லை.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். மூச்சே அளவுகோல். ஆசனத்தில் இருக்கும்போது மூச்சு மெதுவாகப் போய் வருகிறதா? பக்கத்தில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேச முடிகிறதா? அப்படியானால் அளவு சரி. மூச்சு முட்டினாலோ நின்று போனாலோ அளவு மிஞ்சிவிட்டது. உடனே பாதியாகக் குறைக்க வேண்டும்.

3. இந்த மண்ணில் யோகா

யோகா இந்தப் பகுதிக்குப் புதியது அல்ல. தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்று ஒருவர் இருந்தார். 1814 முதல் 1909 வரை வாழ்ந்தவர். தமிழ்நாட்டில் பிறந்த அவர் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தார். தைக்காட்டில் இருந்த வெள்ளைக்கார அதிகாரியின் மாளிகையில் மேற்பார்வையாளராக இருந்தார். கூடவே ஹடயோகமும் கற்றுக் கொடுத்தார்.

அவரிடம் யோகம் கற்றவர்களில் இருவர் மிகவும் புகழ் பெற்றவர்கள். ஒருவர் சட்டம்பி சுவாமிகள். மற்றவர் ஸ்ரீ நாராயண குரு. அந்தக் காலத்தில் சாதிக் கொடுமை மிகக் கடுமையாக இருந்தது. சில தெருக்களில் நடக்கக்கூடப் பலருக்கு உரிமை இல்லை. அப்படிப்பட்ட காலத்திலும் அய்யாவு சாதி பார்க்கவில்லை. எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தார்.

நாராயண குரு 1888-ல் அருவிப்புறத்தில் சிவனை நிறுவினார். அருவிப்புறம் பெருங்கடவிளைக்குப் பக்கத்தில் நெய்யாற்றின் கரையில் இருக்கிறது. கோயிலுக்குள் போக முடியாத மக்களுக்கு அங்கே வழி திறந்தது.

எல்லைக்கு அப்பால் நெல்லைச் சீமையில் பத்தமடை இருக்கிறது. கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். சுவாமி சிவானந்தர் 1887-ல் அங்கே பிறந்தார். அவர் மருத்துவம் படித்து, மலேயாவில் மருத்துவராக வேலை பார்த்தவர். பிறகு ரிஷிகேஷ் போய்த் துறவியானார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1978-ல் நெய்யாறு அணைப் பக்கம் ஒரு யோகா ஆசிரமம் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஒரு முடிவு எடுத்தது. அதன்படி ஜூன் 21 உலக யோகா நாள் ஆனது. 2015 முதல் அந்த நாள் கொண்டாடப்படுகிறது.

4. ஆளுக்கு ஏற்ற பயிற்சி

யோகாவை முதியவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888-ல் பிறந்தவர். மைசூர் அரண்மனையில் யோகா ஆசிரியராக இருந்தார். அங்கே இளைஞர்களுக்கு வேகமான, கடினமான பயிற்சிகளைக் கொடுத்தார். பிறகு சென்னைக்கு வந்தார். சென்னையில் நோயாளிகளும் வயதானவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு அவர் பழைய பயிற்சியைக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தார். அவரவர் வயது, நோய், வேலை எல்லாவற்றையும் கேட்டார். அதற்கு ஏற்றபடி எளிய பயிற்சி கொடுத்தார்.

அவர் 1989-ல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 100. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். அங்கேயும் இதே வழிதான். மனிதனுக்கு ஏற்றபடி யோகாவை மாற்ற வேண்டும். யோகாவுக்காக மனிதனை வளைத்து ஒடிக்கக் கூடாது.

கோயம்புத்தூரில் நானம்மாள் என்ற பாட்டி இருந்தார். 1920-ல் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஆசனம் செய்தார், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019-ல், 99-வது வயதில் மறைந்தார்.

நானம்மாளைப் பார்த்து மகிழலாம். ஆனால் அவர் செய்ததை எல்லாம் அறுபது வயதில் திடீரென்று செய்யக் கூடாது. அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தொடங்கியவர். ஒரு நாளும் விடாமல் செய்தவர். அவரிடம் கற்க வேண்டியது அந்த விடாமுயற்சியைத்தான்.

5. மாமி கேட்ட கேள்விகள்

ஊர் வாசகசாலையில் ஒரு யோகா வகுப்பு தொடங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு மாமி வருகிறார். வயது 64. ஒரு பாட்டாவும் வருகிறார். வயது 70. அவர் ரப்பர் பால் வெட்டியவர். சொல்லிக் கொடுக்க வந்த டீச்சர் இளம்பெண்.

மாமி வாசலிலேயே நிற்கிறார்.

“எனக்க முட்டு மடங்காது மக்களே. நான் எப்படிச் சம்மணம் போட்டு இருப்பேன்?”

“சம்மணம் வேண்டாம் மாமி. அந்த நாற்காலியில இருங்க. கால் ரெண்டும் தரையில பதியட்டும். அது போதும்.”

“நாற்காலியில இருந்தா அது யோகாவா பிள்ளே?”

“முதுகு நிமிர்ந்து இருக்கா? மூச்சு சுகமா போகுதா? அப்போ அது யோகாதான் மாமி.”

பாட்டா சிரிக்கிறார்.

“நான் நாப்பது வருசம் பால் வெட்டினவன். தினமும் குனிஞ்சு நிமிர்ந்தவன். எனக்கு இனி என்ன பயிற்சி?”

“பாட்டா, பால் வெட்டும்போது எந்தக் கை பலமா வேலை செய்யும்?”

“வலது கை.”

“முதுகு எந்தப் பக்கம் வளையும்?”

“முன்னாலதான் வளையும்.”

“அதுதான் காரியம் பாட்டா. நாப்பது வருசமா ஒரே கை, ஒரே வளைவு. மத்த பக்கத்துக்கு வேலையே இல்லை. இங்க அந்தப் பக்கத்துக்கும் வேலை குடுக்கப் போறோம்.”

மாமிக்கு இன்னொரு சந்தேகம் இருக்கிறது. மெதுவாகக் கேட்கிறார்.

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. இதுல சாமி கும்பிடணுமா?”

“கட்டாயம் இல்லை மாமி. மூச்சு விடுறது எல்லாருக்கும் பொது. தொடங்கும்போது அவங்கவங்க மனசுல அவங்கவங்க சாமியை நினைக்கலாம். ஒண்ணும் நினைக்காமலும் இருக்கலாம்.”

மாமி நாற்காலியில் உட்காருகிறார். பாட்டா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

6. வகுப்பு எப்படி நடக்கும்?

முதியவர் வகுப்புக்கு முக்கால் மணி நேரம் போதும். இறுக்கமில்லாத துணி உடுக்க வேண்டும். காலில் செருப்பும் சாக்ஸும் வேண்டாம். தரை ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். பாய் வழுக்கக் கூடாது. நாற்காலி நாலு காலும் ஆடாமல் நிற்க வேண்டும். அதன் முதுகு சுவரில் சாய்ந்திருக்க வேண்டும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது. காலையில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வரலாம்.

முதல் பயிற்சி: மூச்சைப் பார்த்தல்.
நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். கைகளைத் தொடையில் வையுங்கள். மூன்று எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுங்கள். நான்கு எண்ணும் வரை வெளியே விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பத்துத் தடவை செய்யுங்கள்.

இரண்டாவது பயிற்சி: மூட்டுகளை அசைத்தல்.
கணுக்காலைச் சுழற்றுங்கள். மணிக்கட்டைச் சுழற்றுங்கள். தோளைத் தூக்கி இறக்குங்கள். கழுத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். அப்படிச் செய்தால் சிலருக்குத் தலை சுற்றும்.

மூன்றாவது பயிற்சி: கை தூக்குதல்.
மூச்சை இழுத்துக்கொண்டே இரு கைகளையும் மேலே தூக்குங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள். தோள் வலி உள்ளவர்கள் பாதி உயரம் தூக்கினால் போதும். கையும் மூச்சும் சேர்ந்து போக வேண்டும். ஐந்து தடவை செய்யுங்கள்.

நான்காவது பயிற்சி: உட்கார்ந்து எழுதல்.
நாற்காலியின் நுனிக்கு வாருங்கள். பாதங்களை நன்றாக ஊன்றுங்கள். கொஞ்சம் முன்னால் சாயுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து நில்லுங்கள். பிறகு மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழக் கூடாது. கை ஊன்றி எழுந்தாலும் சரிதான். ஐந்து தடவை செய்யுங்கள். தொடைக்குப் பலம் தரும் பயிற்சி இது.

ஐந்தாவது பயிற்சி: தாடாசனம்.
நாற்காலியின் பின்னால் நின்று அதன் முதுகைப் பிடியுங்கள். இரு பாதத்திலும் சமமாக நில்லுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே குதிகாலைத் தூக்குங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஐந்து தடவை செய்யுங்கள்.

ஆறாவது பயிற்சி: மரம் போல் நிற்றல்.
விருட்சாசனம் என்று இதற்குப் பெயர். விருட்சம் என்றால் மரம். படத்தில் ஒரு பாதம் மற்றத் தொடையின் மேல் இருக்கும். அது உங்களுக்கு வேண்டாம். நாற்காலியை ஒரு கையால் பிடியுங்கள். ஒரு குதிகாலை மட்டும் தூக்கி, மற்றக் கணுக்காலில் சாய்த்து வையுங்கள். கால் விரல் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். எதிரே ஓர் இடத்தை உற்றுப் பாருங்கள். மூன்று மூச்சு நில்லுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். தடுமாற்றத்தைக் குறைக்க உதவும் பயிற்சி இது.

ஏழாவது பயிற்சி: இடுப்பைத் தூக்குதல்.
பாயில் மல்லாந்து படுங்கள். தரையில் படுக்க முடியாதவர்கள் கட்டிலில் செய்யலாம். முட்டை மடக்கிப் பாதங்களை ஊன்றுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே இடுப்பை நான்கு விரல் உயரம் தூக்குங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஐந்து தடவை போதும்.

எட்டாவது பயிற்சி: ஓய்வு.
சவாசனம் என்பது இதன் பழைய பெயர். பெயரைக் கேட்டு மாமி முகம் சுளிக்கலாம். “சாகாமலே சவமா கிடக்கணுமா?” என்று கேட்கலாம். பெயர் பிடிக்காவிட்டால் ஓய்வாசனம் என்று சொல்லுங்கள். மல்லாந்து படுங்கள். முட்டுக்குக் கீழே சுருட்டிய துணியை வையுங்கள். தலைக்குச் சிறிய தலையணை வைக்கலாம். கண்ணை மூடுங்கள். மூச்சு தானாகப் போய் வரட்டும். ஐந்து நிமிடம் முதல் பத்து நிமிடம் வரை படுத்திருங்கள். எளிதாகத் தெரிந்தாலும் இதை விடக் கூடாது. அலைந்த மனம் அடங்குவது இங்கேதான்.

7. தரையிலிருந்து எழும் முறை

வயதானவர்கள் கட்டாயம் கற்க வேண்டிய பாடம் இது. வீட்டில் தனியாக இருக்கும்போது தரையில் உட்கார நேரலாம். விழவும் நேரலாம். எழும் முறை தெரிந்தால் பதற்றம் இருக்காது.

1. ஒருபக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள்.

2. கையை ஊன்றி உட்காருங்கள். தலை சுற்றல் நிற்கட்டும்.

3. இரு கையும் இரு முட்டும் தரையில் ஊன்றுங்கள். குழந்தை தவழ்வது போல் நாற்காலி அருகே போங்கள். முட்டுக்குக் கீழே மடித்த துணி இருந்தால் நல்லது.

4. நாற்காலி மேல் இரு கைகளையும் வையுங்கள்.

5. பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றுங்கள்.

6. கையையும் அந்தக் காலையும் அழுத்தி எழுந்திருங்கள். திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். பிறகுதான் நிற்க வேண்டும்.

முதல் சில நாட்கள் டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்து பாருங்கள். ஒருவேளை விழுந்துவிட்டீர்கள். இடுப்பிலோ காலிலோ கடுமையான வலி. அப்போது எழ முயல வேண்டாம். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

8. யார் எதைச் செய்யக் கூடாது?

யோகா எல்லோருக்கும் பொது. ஆனால் எல்லா ஆசனமும் எல்லோருக்கும் பொது அல்ல. கீழே உள்ளதை இரண்டு தடவை படியுங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கக் கூடாது. மூச்சை அடக்கும் பயிற்சி கூடாது. வேகமாக மூச்சைத் தள்ளும் பயிற்சியும் கூடாது. இதய நோய் உள்ளவர்களுக்கும் இதுவே விதி.

கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள் தலையைக் கீழே தொங்கவிடக் கூடாது. கண் ஆபரேஷன் முடிந்தவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

எலும்பு தேய்ந்தவர்கள் ஆழமாக முன்னால் குனியக் கூடாது. உடம்பைப் பலமாக முறுக்கவும் கூடாது. தேய்ந்த முதுகெலும்பு நொறுங்கக்கூடும்.

முட்டு வலி உள்ளவர்களுக்குப் பத்மாசனமும் வஜ்ராசனமும் வேண்டாம். நாற்காலியே நல்லது.

குடலிறக்கம் உள்ளவர்கள் வயிற்றை அழுத்தும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது. எப்போது, என்ன சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். கை நடுங்கினால், வியர்த்தால், கண் இருண்டால் உடனே சாப்பிட வேண்டும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப் போதல், வாய் கோணுதல் ஆகியவை ஆபத்தின் அடையாளம். பயிற்சியை உடனே நிறுத்துங்கள். 108 எண்ணுக்குப் போன் செய்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

9. மாத்திரையை நிறுத்தலாமா?

வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. மாமிக்கு உடம்பு லேசாக இருக்கிறது. ஒருநாள் டீச்சரிடம் வருகிறார்.

“இப்போ நல்லா ஒறக்கம் வருது மக்களே. தலைவேதனையும் இல்லை. பிரஷர் மாத்திரையை இனி விட்டுடலாமா?”

“விடக் கூடாது மாமி. தலைவேதனை இல்லைன்னா பிரஷர் இல்லைன்னு அர்த்தம் இல்லை. அது சத்தம் போடாம ஏறும். டாக்டர் அளந்து பார்க்கட்டும். குறைக்கணும்னா அவர் குறைப்பார்.”

இது மிக முக்கியமான பாடம். யோகா செய்வதால் மனம் அமைதி அடையலாம். நாள்பட்ட முதுகு வலி கொஞ்சம் குறையலாம். நடையில் உறுதி வரலாம். ஆனால் யோகா மாத்திரைக்குப் பதில் ஆகாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்திப் பக்கவாதம் வந்தால், பிறகு எந்த ஆசனமும் செய்ய முடியாமல் போகும்.

“இந்த ஆசனம் செய்தால் சர்க்கரை நோய் அடியோடு போகும்” என்று சிலர் சொல்வார்கள். “ஆஸ்பத்திரியே வேண்டாம்” என்றும் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நல்ல ஆசிரியர் முதலில் உங்கள் நோயைப் பற்றிக் கேட்பார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். உங்கள் முதுகை மிதித்தோ காலை இழுத்தோ வளைக்க மாட்டார். வலிக்கிறது என்றால் “பொறுத்துக்கொள்” என்று சொல்ல மாட்டார். உங்களைத் தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்பார்.

10. எங்கே கற்பது? எப்படித் தொடர்வது?

கேரளத்தில் அரசு ஆயுர்வேத, ஹோமியோ மருந்தகங்கள் பலவற்றில் யோகா சொல்லித் தருகிறார்கள். உங்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேளுங்கள். வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். ஆஷா பணியாளரிடமும் கேட்கலாம். குடும்பஸ்ரீ கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வாசகசாலையிலோ பள்ளிக்கூடத்திலோ வகுப்பு தொடங்குவது எளிது.

வகுப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். வீட்டில் முதியவர் தனியாக இருப்பார். வகுப்புக்கு வந்தால் நாலு முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் வராவிட்டால் மற்றவர்கள் தேடிப் போவார்கள். அதுவும் ஒரு பாதுகாப்பு.

யோகா மட்டும் செய்தால் போதுமா? போதாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் ஓர் அளவு சொன்னது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடம்பு அசைய வேண்டும். கொஞ்சம் வேகமாக நடப்பதும் இதில் சேரும். வாரத்தில் மூன்று நாளாவது காலுக்குப் பலமும் சமநிலையும் தரும் பயிற்சி வேண்டும். ஆகவே நடையையும் விடாதீர்கள், யோகாவையும் விடாதீர்கள்.

முதல் வாரம் பத்து நிமிடம் செய்யுங்கள். நான்கு பயிற்சி போதும். அடுத்த வாரம் ஒன்று கூட்டுங்கள். மழை பெய்தால் திண்ணையில் செய்யுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்.

ஒரு தாளை எடுத்துத் தேதி எழுதுங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று அதில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் கூடியிருந்தால் காலில் பலம் ஏறியிருக்கிறது. கூடாவிட்டாலும் கவலை வேண்டாம். இருக்கும் பலத்தைக் காப்பாற்றியதும் வெற்றிதான்.

விடை சொல்லுங்கள்

1. விழும் பயம் காலை எப்படிப் பலவீனம் ஆக்குகிறது?
2. ஆசனத்தில் அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
3. நாராயண குருவுக்கு ஹடயோகம் கற்றுக் கொடுத்தவர் யார்?
4. சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் முதியவர்களுக்கு எப்படிக் கற்றுக் கொடுத்தார்?
5. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் பையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

சரியா? தவறா?

1. நாற்காலியில் உட்கார்ந்து யோகா செய்யலாம்.
2. தலைவலி இல்லை என்றால் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாம்.
3. படுத்திருப்பவர் நேராக எழக் கூடாது. ஒருக்களித்து எழ வேண்டும்.
4. வலித்தாலும் பொறுத்துக்கொண்டு வளைய வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் முதியவர்கள் அதிகம் விழும் இடம் எது? குளியலறையா, படியா, முற்றமா? அங்கே கைப்பிடி வைக்க முடியுமா? விளக்குப் போட முடியுமா? பாசியை யார் சுரண்டுவது? குழுவாகப் பேசி முடிவு செய்யுங்கள். முடிவை ஒரு தாளில் எழுதிப் பஞ்சாயத்தில் கொடுங்கள்.